ஆளில்லாத வெளியில் இளைப்பாறுதல்

ஓய்வெடுக்க வெட்கப்படும் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். வந்த நாட்டில் ஆளுக்கு இரண்டு வேலை செய்தோம். ஏஜென்சிக்காரனுக்குப் பட்ட கடன், தங்கைமாரின் சீதனம், பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக்கடன் என்று ஒன்று முடிய இன்னொன்று வந்து நின்றது. லீவு எடுத்தால் அது கலியாண வீட்டுக்கு, இல்லையென்றால் செத்த வீட்டுக்கு. எங்காவது போய்ச் சும்மா இருப்பது என்ற பழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. சும்மா இருந்தால் ஊரில் யாரோ கஷ்டப்படுகிற நினைப்பு வந்து முதுகில் தட்டும்.

2024 நவம்பரில், கலியாணமாகி முப்பது வருடம் முடிந்ததென்று சொல்லிப் பிள்ளைகள் பிடிவாதமாக ரிக்கற் எடுத்துத் தந்தார்கள். ரொறொன்ரோவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ். அங்கிருந்து வாடகைக் காரில் கலிபோர்னியாவின் பாலைவனத்துக்குள் ஐந்து நாள். "ஒருத்தரையும் பார்க்கப் போகாதேங்கோ, ஒருத்தருக்கும் ரெலிபோன் எடுக்காதேங்கோ" என்பது அவர்கள் போட்ட நிபந்தனை.

இது பயணக் கட்டுரை அல்ல. அந்த ஐந்து நாட்களில் எங்கள் இருவருக்கும் இடையில் எழுந்த ஒரு கேள்வியைப் பற்றியது. ஆளில்லாத இடத்தில் கிடைக்கும் நிம்மதியை நாங்கள் யாரிடமிருந்து பெற்றுக்கொள்கிறோம்? அதை அனுபவிக்கும் உரிமை எங்களுக்கு உண்டா? வயிறு நிறைந்தவர்களின் கேள்வி என்று சிலர் சொல்லக்கூடும். சொந்த நிலம் ஆளில்லாத நிலமாக ஆக்கப்பட்டதைக் கண்ட எங்களுக்கு அது அப்படித் தோன்றவில்லை.

*

லொஸ் ஏஞ்சல்ஸை விட்டு வடக்கே ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் வீடுகள் தீர்ந்துவிடுகின்றன. மொஹாவே பாலைவனம் தொடங்குகிறது. யோசுவா மரங்கள் தூரத்தில் தலை பிரிந்த பனைகள் போல நின்றன. பின் ஆசனத்தில் கட்டுச்சோறும், பிளாஸ்க்கில் தேத்தண்ணியும், அறைக் குழாயில் நிரப்பிக்கொண்ட தண்ணீர்ப் போத்தல்களும். ரேடியோவை நிறுத்தினோம். சில மணித்தியாலங்கள் இருவரும் எதுவும் பேசவில்லை. அது கோபத்து மௌனமாகவோ களைத்த மௌனமாகவோ இருக்கவில்லை. முப்பது வருடத்தில் அப்படி ஒன்று எங்களுக்கு வாய்த்ததில்லை.

அந்தச் சுகத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஏன் அது சுகமாயிருந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தோம். மனிதர்களுக்கு நடுவே நாங்கள் எப்போதும் யாரோவாக இருக்க வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு இலக்கம், விமான நிலையத்தில் ஒரு சந்தேகம், எங்கள் சனங்களிடையே "நீங்கள் எந்த ஊர்?" என்ற கேள்வி. அந்தக் கேள்வி ஊரோடு நிற்பதில்லை. பகுதி, குறிச்சி, சாதி வரையும் போய்த்தான் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாலைவனம் எதையும் கேட்பதில்லை. நாங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். உலகம் எங்களைக் கவனியாமல் விடுவது இவ்வளவு பெரிய விடுதலையாக இருக்கும் என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை.

அன்றிரவு லோன் பைன் என்ற சிறு பட்டினத்தில் தங்கினோம். மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர். 4,421 மீற்றர் உயரமான விற்னி சிகரம் அங்கிருந்து தெரியும். பசுபிக் சமுத்திரத்திலிருந்து வரும் முகில்கள் மழையை மலைக்கு அப்பாலேயே கொட்டிவிடுவதால் இந்தப் பக்கம் வறண்டது. எனவே இது இயற்கையாக அமைந்த பாலை என்று எண்ணிக்கொண்டு படுத்தோம். அதில் பாதிதான் உண்மை என்பது அடுத்த நாள் தெரிந்தது.

*

லோன் பைனிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றரில், ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நடுவே மன்சனார் இருக்கிறது. காவற்கோபுரம் ஒன்று தெருவிலிருந்தே தெரிந்தது. எங்களைப் போன்றவர்கள் ஒரு காவற்கோபுரத்தைக் கண்டால் காரை மெதுவாக்கிவிடுவோம். மெதுவாக்கிய பிறகு இறங்காமல் போக முடியவில்லை.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பெப்ரவரி 19 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 9066 ஆம் இலக்கக் கட்டளையில் ஒப்பமிட்டார். மேற்குக் கரையில் வாழ்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள். பத்து முகாம்களில் ஒன்று மன்சனார். ஒரு கட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். கையில் தூக்கக்கூடியதை மட்டுமே கொண்டுவர அவர்களுக்கு அனுமதி. மீதியை என்ன செய்வது? சில நாட்களுக்குள் விற்க வேண்டியிருந்தது. குளிர்ப்பெட்டி, பியானோ, வியாபாரச் சாமான், எல்லாவற்றையும் அயலவர்கள் அற்ப விலைக்கு வாங்கினார்கள். எங்களில் ஒருவர் அதை விளக்கும் இடத்தில் நெடுநேரம் நின்றார். மற்றவர் அதைக் கவனித்தார், எதுவும் கேட்கவில்லை.

முகாமுக்கு முன்னும் அந்த நிலத்துக்குச் சரித்திரம் உண்டு. மன்சனார் என்பது ஆப்பிள் தோட்டத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். 1910 இலிருந்து அங்கே பழத்தோட்ட விவசாயிகளின் ஊர் ஒன்று இருந்தது. 1913 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரம் ஏறத்தாழ 375 கிலோமீற்றர் நீளமான கால்வாய் வழியாக இந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றைத் தன் பக்கம் திருப்பியது. 1920களில் நிலங்களையும் நீருரிமையையும் விலைக்கு வாங்கியது. தோட்டங்கள் பட்டன, ஊர் கலைந்தது. தெற்கே பரந்து கிடந்த ஓவன்ஸ் ஏரி 1920களின் நடுவிலேயே வற்றிப்போயிற்று. காரிலிருந்து நாங்கள் வெள்ளைவெளேரென்று கண்டு ரசித்தது அந்த ஏரியின் அடித்தரை. போத்தலில் கொண்டுவந்த தண்ணீரைப் பார்த்தோம். அதில் ஒரு பங்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போனதாகவே இருக்கக்கூடும்.

விவசாயிகளுக்கும் முன்னர் அது பையூட் மக்களின் பூமி. மலையோடைகளிலிருந்து தாங்களே வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சியவர்கள் அவர்கள். குடியேறிகளோடு மூண்ட சண்டையின் பின் 1863 இல் நூற்றுக்கணக்கான பையூட் மக்களை இராணுவம் தெற்கேயுள்ள தெஹோன் கோட்டைக்கு நடத்திக் கொண்டுபோனது. பின்னர் பலர் தப்பித் திரும்பினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்கிறார்கள். அவர்கள் தங்கள் நிலத்துக்கு இட்ட பெயர் பயாஹுனடு: நீர் ஓடிக்கொண்டேயிருக்கும் இடம். தற்செயல்தான், என்றாலும் அந்தப் பெயரின் கடைசி எங்கள் காதில் 'நாடு' என்றே விழுந்தது.

ஒரே துண்டு நிலம் ஏறத்தாழ 80 வருடங்களில் மூன்று வகை மனிதர்களை இழந்திருக்கிறது. 1945 நவம்பரில் முகாமும் மூடப்பட்டது. மரக் குடில்களைக் கழற்றி விற்றார்கள். பிறகு காற்றும் மணலும். அந்த வழியால் போகிறவர்கள் "என்ன அமைதியான இடம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். நாங்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தோம்.

*

எங்களுடைய பழைய இலக்கணகாரர்கள் இதை வேறு விதமாக அறிந்திருந்தார்கள். தொல்காப்பியம் காடு, மலை, வயல், கடல் என்று நான்கு நிலங்களுக்குத் தெய்வம் சொல்கிறது. பாலைக்குத் தனியான நிலம் கொடுக்கவில்லை. சிலப்பதிகாரம் அதற்கு விளக்கம் தருகிறது: முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெடும்போது கொள்ளும் வடிவமே பாலை. அதாவது பாலை பிறப்பதில்லை. ஒரு நிலம் பாலையாகிறது. அதன் உரிப்பொருள் பிரிவு.

பாடசாலையில் இதை மனப்பாடம் செய்தோம். அர்த்தம் விளங்க மன்சனார் வரை போக வேண்டியிருந்தது. வெயில் மட்டுமா நிலத்தைப் பாலையாக்குகிறது? கால்வாயும் கட்டளையும் துவக்கும்கூட ஆக்கும். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எங்களில் ஒருவருடைய குடும்பம் உடுத்த உடுப்போடு வெளியேறியது. செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைந்த பூமி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2018 இல், விடப்பட்ட பகுதியொன்றில் வீட்டைத் தேடிப் போனபோது கிணற்றை வைத்துத்தான் காணியை அடையாளம் காண முடிந்தது. பற்றைக்காட்டில் குயில் கூவிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுப் பயணி ஒருவர் அந்த வழியால் வந்திருந்தால் அதையும் அமைதியான இடம் என்றே தன் குறிப்பேட்டில் எழுதியிருப்பார்.

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நாங்களும் இழந்தவர்கள், அவர்களும் இழந்தவர்கள், எனவே எங்களுக்கு அவர்களின் துயரம் புரியும் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். இழந்தவர்கள் என்ற இடத்தில் நிற்பது எங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் அன்றிரவு வேறொன்று நடந்தது.

*

மன்சனாரிலிருந்து திரும்பி, கிழக்கே டெத் வலியை நோக்கிப் போனோம். பனமின்ற் பள்ளத்தாக்குக்கு மேலே போர் விமானம் ஒன்று காதைக் கிழித்துக்கொண்டு போனது. அருகில் கடற்படையின் ஆயுதப் பரிசோதனைத் தளம் இருப்பதால் அங்கே அது வழமை. பக்கத்தில் நின்ற பயணிகள் கமெராவைத் தூக்கினார்கள். நாங்கள் இருவரும் ஒரே கணத்தில் குனிந்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். முப்பது வருடங்களாகியும் உடம்புக்கு வயது போகவில்லை.

டெத் வலி என்ற பெயர் 1849 இல் தங்கம் தேடிப் போய் அங்கே வழி தப்பியவர்களால் வந்தது. பாட்வோட்டர் என்ற உப்பு வெளி கடல் மட்டத்துக்கு 86 மீற்றர் கீழே, வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்ந்த தரை. மரணம் என்று பெயர் வைத்தவர்கள் வழிப்போக்கர்கள். திம்பிஷா ஷோஷோனி மக்களுக்கு அது வீடு. கோடையில் மலைக்குப் போய், குளிரில் பள்ளத்தாக்குக்கு இறங்கி வாழ்ந்தவர்கள். 1933 இல் அது தேசிய நினைவுப் பிரதேசமாக்கப்பட்டபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. பின்னர், அவர்கள் கோடைக்கு மலையேறியிருந்த சமயங்களில், ஆளில்லை என்று சொல்லி, அவர்களுடைய மண் வீடுகள் சிலவற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தார்கள். அந்த மக்கள் விடவில்லை. 2000 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7,700 ஏக்கர் நிலம் சட்டப்படி அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அதில் 314 ஏக்கர் சுற்றுலா விடுதிகள் இருக்கும் ஃபேர்னஸ் கிறீக்கிலேயே உண்டு.

அன்றிரவு அங்கே ஒரு விடுதியின் வெளியே கதிரை போட்டு இருந்தோம். ஊரை விட்ட பிறகு அவ்வளவு வெள்ளியை நாங்கள் கண்டதில்லை. அப்போது, மன்சனாரில் நெடுநேரம் நின்றவர் சொன்னார்:

"உம்மட்டை ஒரு விசயம் சொல்லேல்லை. தொண்ணூறாம் ஆண்டு எங்கடை வீட்டிலை ஒரு தையல் மெஷின் வந்தது."

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒக்ரோபர் 30 இல் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியால அவகாசம். எங்களில் ஒருவர் அப்போது பட்டினத்தில் படித்துக்கொண்டிருந்தார். முஸ்லிம் மக்களின் தெருக்கள் வெறிச்சோடிய பிறகு ரியூசனுக்குப் போகும் வழி சுருங்கியது. சனம் இல்லை, வண்டில் இல்லை. மணி அடிக்காமலே சைக்கிளை ஓட்டலாம். வசதியாக இருந்தது என்றுதான் அப்போது நினைத்தார். அந்தத் தெருவின் வீட்டுச் சாமான்கள் கைமாறி விலைக்கு வந்தன. தையல் மெஷினை மலிவு என்று யாரோ கொண்டுவந்து கொடுக்க, தாயார் வாங்கினார். எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்ததனால் கேட்கத் தேவைப்படவில்லை. அடுத்த வருடம் கொழும்புக்குப் பயணப்பட்டபோது அவர் போட்டிருந்த சேர்ட் அதில் தைத்தது.

முப்பது வருடக் குடித்தனத்தில் சொல்லப்படாத விடயம் அது. சொல்லாததற்குக் காரணமும் இருந்தது. அதே வருடத்தில் வீட்டை இழந்த ஒருவரையல்லவா அவர் கட்டியிருந்தார்.

கேட்டவர் கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னது இதுதான்: "எங்கடை வீட்டு ஓட்டையும் யன்னலையும்கூட ஆரோ கழட்டிக்கொண்டு போயிருக்கினம். வாங்கினவையும் மலிவெண்டுதான் வாங்கியிருப்பினம்."

அதில் மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை.

*

கார்ல் யாஸ்பர்ஸ் என்ற ஜெர்மானிய மெய்யியலாளர் 1946 இல் தன் சனங்களைப் பார்த்துக் குற்றத்தில் நான்கு வகை உண்டு என்று பிரித்துக் காட்டினார். சட்டத்துக்கு முன்னான குற்றம் வேறு, மனச்சாட்சிக்கு முன்னான குற்றம் வேறு. இரண்டாவதற்கு நீதிமன்றம் இல்லை. தன்னையும் தன்னை நேசிப்பவர்களையும் தவிர அங்கே விசாரிக்க ஆளில்லை. பத்தொன்பது வயது மாணவன் யாரையும் வெளியேற்றவில்லை. ஆனால் வெறிச்சோடிய தெருவின் வசதியை அனுபவித்தான். செய்யாதவனுக்கும் செய்தவனுக்கும் நடுவே இப்படி ஒரு பெரிய கூட்டம் உண்டு. மன்சனாருக்குப் போனவர்களின் அயலவர்கள் அதில் இருக்கிறார்கள். குழாயைத் திறந்த லொஸ் ஏஞ்சல்ஸ்காரர்களும் நாங்களும் இருக்கிறோம்.

தமிழில் 'நாங்கள்' என்றும் 'நாம்' என்றும் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று கேட்பவரை வெளியே நிறுத்துகிறது; மற்றது உள்ளே அழைக்கிறது. அந்தத் தெருவில் வாழ்ந்தவர்களும் அதே தமிழைத்தான் பேசினார்கள். 1990 ஒக்ரோபரில் ஒரு 'நாம்' இரண்டு மணித்தியாலத்தில் 'நாங்கள்' ஆனது. துவக்கு வைத்திருந்தவர்களால் மட்டும் அது முடிந்திருக்காது. சைக்கிளில் போனவர்கள் பேசாமலிருந்ததும் உதவியது.

அப்படியானால் ஓய்வு எங்களுக்குத் தகாதா? இந்த இடத்தில் மன்சனார் எங்களுக்கு இன்னொன்றையும் காட்டியிருந்தது. முகாமில் அடைக்கப்பட்டவர்கள் அந்த வெளியில் பூந்தோட்டங்கள் அமைத்தார்கள். கல் அடுக்கி, குளம் வெட்டி, சிறு பாலம் போட்டார்கள். மணலுக்கடியிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட அந்தக் குளங்களை இன்றும் காணலாம். சிலர் இரவில் காவலுக்குத் தெரியாமல் வேலிக்கு வெளியே போய் மலையோடையில் மீன் பிடித்துத் திரும்பினார்கள். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தும் போனார்கள். அவர்களைப் பார்த்து "உங்கள் சனம் சிறையில் இருக்கையில் உனக்கு என்ன மீன்பிடி?" என்று யார் கேட்க முடியும்? அந்தச் சந்தோசம்தான் அவர்களை மனிதர்களாக வைத்திருந்தது. அதே ஆட்கள் 1943 இல் மயானத்தில் இறந்தோருக்கான வெண்ணிறத் தூபி ஒன்றையும் எழுப்பினார்கள். தோட்டம் தூபியை மறைக்கவில்லை. தூபி தோட்டத்தைத் தடுக்கவுமில்லை. ஓய்வும் நினைவும் ஒன்றையொன்று தின்னும் என்று நாங்கள் இத்தனை வருடம் நம்பியது பிழை.

அவர்கள் பேசுவதையும் விடவில்லை. 1969 இலிருந்து வருடாவருடம் அங்கே கூடுகிறார்கள். 1988 இல் அமெரிக்க அரசு சட்டத்தின் மூலம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் கொடுத்தது. பணம் பெரிதல்ல; நடந்தது நடந்ததுதான் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. எங்களில் எத்தனை பேர் ஒக்ரோபர் 1990 பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? 1983 ஜூலையை அவர்கள் திகதியோடு சொல்வார்கள்.

தையல் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அதுவும் வீட்டோடு விடப்பட்டது. தாயார் திரும்பிப் போனபோது மெஷின் இல்லை. அதையும் யாரோ மலிவாக வாங்கியிருப்பார்கள். உரியவர்கள் புத்தளத்தில் இருக்கிறார்களா, திரும்பி வந்தார்களா, தெரியாது. திருப்பிக் கொடுக்கக்கூடியதாக எங்களிடம் மிஞ்சியிருப்பது அது நடந்தது என்ற சொல் ஒன்றுதான். ரொறொன்ரோவுக்குத் திரும்பிய பிறகு முதலில் பிள்ளைகளுக்குச் சொன்னோம். "ஓய்வெடுக்க அனுப்பினால் இதையா கொண்டுவந்தீர்கள்?" என்று மகள் கேட்டாள். இப்போது இங்கே எழுதுகிறோம்.

வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருப்பதில் ஒருவருக்கும் நன்மையில்லை என்றே எண்ணுகிறோம். போகலாம், கால் நீட்டலாம், வெள்ளி பார்க்கலாம். போய் இறங்கும் இடத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட வேண்டும்: இங்கே முன்பு யார் இருந்தார்கள்? அவர்கள் இந்த இடத்தை எப்படி அழைத்தார்கள்? கேட்டால் ஓய்வு கெட்டுவிடும் என்று பயந்துதான் பலர் கேட்பதில்லை. எங்களுக்குக் கெடவில்லை. அன்றிரவு கதிரைகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் படுத்தவர்கள், அடுத்த நாள் வெயில் ஏறும்வரை இருவருமே எழும்பவில்லை.